தலைவர் குடித்த தண்ணீர்

எங்கள் தெருவில் மேல்நிலைத் தொட்டியைத் திறந்து வைத்த நாளில் யார் யார் வந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தலைவர் வந்திருந்தார். தொட்டியைக் கட்டிய கான்ட்ராக்டர் வந்திருந்தார். அவர் தலைவரின் மச்சான். ஒன்றியப் பொறியாளரும் தோல் பதனிடும் டேனரி முதலாளிகள் சங்கத்தின் செயலாளரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். கோயில் பூசாரி, சர்ச் பாஸ்டர், ஆம்பூரிலிருந்து பேண்டு செட்டு, தலைவரின் வெள்ளி டம்ளரைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவருடைய டிரைவர். தெரு நாட்டாண்மையான என் பெரியப்பா சலவை வேட்டியில் விறைப்பாக நின்றிருந்தார். வரவேற்புரைத் தாளோடு நான் அவர் பக்கத்தில்.

வராதவர்களில் முக்கியமானவர் ஒன்றியக் குழுத் தலைவர். அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி. தலைவரின் மனைவிதான் அதில் ஜெயித்திருந்தார். கல்வெட்டில் அவர் பெயர் இருந்தது. பெயர் வந்துவிட்டால் ஆள் வேறு எதற்கு என்று தலைவர் நினைத்திருக்க வேண்டும். எங்கள் தெருப் பெண்களும் வரவில்லை. ஷூ கம்பெனியில் அந்த வாரம் வெளிநாட்டு ஆர்டர் ஏற்ற வேண்டியிருந்ததால் யாருக்கும் லீவு இல்லை. கம்பெனி வேன் காலையிலேயே எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. என் அம்மாவும் அதில்தான் போனாள். தண்ணீருக்குக் குடம் தூக்குகிறவர்கள் அவர்கள். தண்ணீர் வந்ததற்குக் கைதட்ட வீட்டில் இருந்தவர்கள் நாங்கள், ஆண்கள்.

ஆரத்தி எடுக்க மட்டும் ஒரு பெண் வேண்டியிருந்தது. தெரு முழுக்கத் தேடி, பல் பிடுங்கிக்கொண்டு வந்து படுத்திருந்த ஓர் அக்காவை எழுப்பிக் கூட்டிவந்தோம். அவள் ஒரு கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டைச் சுற்றினாள். அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. தலைவரைக் கண்ட தாய்மார்கள் கண்ணீர் மல்க வரவேற்றார்கள் என்று கீழே போட்டிருந்தார்கள்.

தலைவர் ஒருமுறை சட்டமன்றத்துக்குப் போய் வந்தவர். நமக்குக் கிராமம்தான் முக்கியம் என்று ஒன்றியத்துக்கே திரும்பிவிட்டதாக அவர் சொல்வார். மறுபடி சீட்டு கொடுக்கவில்லை என்று டிரைவர் சொல்வார். கிராம வளர்ச்சிதான் தன் மூச்சு என்று மேடைக்கு மேடை பேசுவார். அதில் பொய் இல்லை, அதுதான் கஷ்டமே. விடிவதற்குள் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, டிபன்கூடச் சாப்பிடாமல் ஏதாவதொரு ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். பாலாற்றின் இரண்டு கரையிலும் அவர் போய் நிற்காத குக்கிராமம் இல்லை. எந்தச் சிறுபாலம் எந்த மழையில் உட்கார்ந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு பாலம் வெள்ளத்தில் போனபோது கரையில் நின்று நிஜமாகவே அழுதார். அதைக் கட்டியவர் மச்சான் என்பதால் ஊர்க்காரர்கள் யாரும் கூடச் சேர்ந்து அழவில்லை.

பஸ் போகாத ஊர்களில் நிழற்குடை கட்டினார். நிழற்குடையைப் பார்த்தாவது பஸ் வரும் என்று நம்பினார். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வீடுகளே உள்ள ஓர் ஊருக்குத் தார்ச்சாலை போட்டார். சாலை அந்த வீடுகளைத் தாண்டி, ஏலகிரி மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றின் வாசலில் போய்த்தான் நின்றது. தோப்பு மச்சானுடையது. இதையெல்லாம் யாராவது குத்திக்காட்டினால் தலைவருக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும். நல்லது செய்கிறவனைத்தான் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊரில் குழாய் திறந்தாலும் முதல் டம்ளர் தண்ணீரை அவர்தான் குடிப்பார். இந்த ஒன்றியத்தில் நான் குடிக்காத தண்ணி இல்லை என்று மைக்கில் பெருமையாகச் சொல்வார். கூட்டம் சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. டம்ளர் மட்டும் அவருடையது. எல்லா ஊருக்கும் அதைக் கொண்டுபோவாரா, எங்களைப் போன்ற காலனித் தெருக்களுக்கு மட்டும் கொண்டுவருவாரா என்பது எனக்குத் தெரியாது. தெருவில் யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் தெருவுக்குள் வந்து தண்ணீர் குடிக்கப்போகிற முதல் தலைவர் அவர். பெரியப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் தெருவின் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது டேனரிகளுக்குக் கீழ்ப்பக்கம். நிலத்தடியில் இருப்பதெல்லாம் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பால் திரிந்துவிடும். துவைத்துக் காயப்போட்ட சட்டை ஆள் இல்லாமலே நிற்கும். நான் வாணியம்பாடி காலேஜில் வேதியியல் படித்தவன், எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். ஆனாலும் இந்தத் தண்ணீர் உப்பு என்று சொல்ல ஒரு பட்டம் தேவைப்படவில்லை. நாக்கு இருந்தால் போதும். குடிப்பதற்கு டிராக்டர் தண்ணீர் எப்போதாவது வரும். மற்ற நாட்களில் கேன் வாங்க வேண்டும், அல்லது அம்மா கம்பெனியிலிருந்து பாட்டிலில் பிடித்து வருவாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கேயோ இருந்து ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்க் குழாயை எங்கள் பக்கம் பதித்துக்கொண்டு வந்தார்கள். டேனரியால் தண்ணீர் கெட்ட இடங்களுக்கு முதலில் என்று பேச்சு. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு லைன்தான். தலைவர் அதுவரை பொறுக்கவில்லை. மக்கள் தாகத்தோடு இருக்கும்போது நான் சும்மா இருப்பதா என்று கேட்டு, எங்கள் தெருவிலேயே ஆழ்துளைப் போர் போட்டு, தொட்டி கட்ட உத்தரவு வாங்கிவிட்டார். எந்தத் தண்ணீர் கெட்டுப்போனதென்று சொன்னோமோ அதையே மேலே ஏற்றிக் கீழே விடுவதற்கு ஒரு தொட்டி.

போரில் முதலில் வந்தது டீக்கடைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. மேலே நுரை. ஓட ஓடத் தெளிந்துவிடும் என்றார் கான்ட்ராக்டர். நிறம் கொஞ்சம் தெளிந்தது. உப்பு எங்கேயும் போகவில்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கான்ட்ராக்டர் பெரியப்பாவைத் தேடி வந்தார். அவருடைய கவலை பில். தலைவர் எல்லோர் முன்னாலும் குடித்துவிட்டுத் துப்பினால் பொறியாளர் பில்லை நிறுத்திவிடுவார். மச்சான்தான், ஆனால் தண்ணீர் விஷயத்தில் தலைவருக்கு மச்சான் கிச்சான் எல்லாம் கிடையாது. பெரியப்பாவின் கவலை மனு. விழா மேடையிலேயே கூட்டுக் குடிநீர் லைன் கேட்டு மனு கொடுப்பதாக இருந்தோம்; எழுதி வைத்திருந்தது நான். தன் தோப்புக் கிணற்றுத் தண்ணீரை டிராக்டர் டேங்கரில் கொண்டுவந்து தொட்டியில் ஏற்றிவிடலாம் என்று கான்ட்ராக்டர் யோசனை சொன்னார்.

தலைவர் உப்புத் தண்ணீரையே குடிக்கட்டும், அப்போதுதான் லைன் எதற்கென்று புரியும் என்று நான் சொன்னேன். பெரியப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வாயி கசந்து போச்சின்னா மனுவ எங்கடா வாங்கறது? படிச்சிட்டா இதெல்லாம் தெரியாது. நீ ஸ்பீச்ச நல்லா எழுது, போ."

நல்லாத்தான் எழுதினேன். பகீரதனை எல்லாம் இழுத்திருந்தேன். விழாவில் தலைவர் குழாயைத் திறந்தார், டிரைவர் டம்ளரை நீட்டினார், பேண்டு செட்டு நின்றது. தலைவர் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு டம்ளர் பிடிக்கச் சொல்லி அதையும் குடித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, என் அரசியல் வாழ்க்கையில் இப்படி ஒரு தண்ணீரைக் குடித்ததில்லை என்றார். குரல் தழுதழுத்தது. பெரியப்பா இதுதான் சமயம் என்று மனுவை நீட்டினார். தலைவர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த மாதிரி தண்ணிய கால் கீழ வெச்சிக்கினு லைன் இன்னாத்துக்குப்பா கேக்கறீங்க? லைன் தண்ணி இதுங்கிட்ட நிக்குமா?"

மனுவை மடித்துப் பெரியப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்துத் தட்டிக் கொடுத்தார். டேனரி சங்கச் செயலாளர் முதலில் கைதட்டினார். ஏன் அவர் அத்தனை வேகமாகத் தட்டினார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இருந்த நல்ல தண்ணீரை அன்று மத்தியானத்துக்குள் ஆண்களே பிடித்துக் காலிசெய்துவிட்டார்கள். பேண்டு செட்டுக்காரர்கள்கூட ஆளுக்கொரு பாட்டில் நிரப்பிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய பெண்கள் குடத்தோடு ஓடிவந்தபோது குழாயில் வந்தது போர்த் தண்ணீர். அம்மா உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டுத் துப்பினாள். விழா எப்படி நடந்ததென்று அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தலைவரின் டிரைவர் ஒரு காலிக் கேனோடு வந்து நின்றார். தலைவருக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வேலூரில் டாக்டர் சொல்லியிருக்கிறார். இனிமேல் எங்கள் தெருத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிப்பதில்லை என்று தலைவர் முடிவு எடுத்திருக்கிறார். தினமும் ஒரு கேன்.

பெரியப்பா கான்ட்ராக்டரிடம் ஓடினார். கான்ட்ராக்டருக்கு இன்னும் பில் வரவில்லை. தோப்பிலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனசோடு சொன்னார். கிணற்றுப் பக்கம் வர வேண்டாம், வேலிக்கு வெளியே ஒரு பைப்பை இழுத்து விடுகிறேன் என்றும் சொன்னார். அப்படியே செய்தார். பெரியப்பாவின் மொபெட்டில் அடிவாரம் போய், வேலிக்கு வெளியே நின்று கேனைப் பிடித்து, தலைவர் வீட்டுப் பின்வாசலில் கொண்டுபோய் இறக்குவது என் வேலையாயிற்று. படித்துவிட்டுச் சும்மாதானே இருக்கிறான் என்று தெரு ஏகமனதாகத் தீர்மானித்தது. லேபில் வேலை கேட்டு நான் எழுதிப் போட்ட கடிதங்களுக்கு எந்தக் கம்பெனியும் பதில் போடாததால் மறுக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை சொன்னேன். பெரியப்பா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தார். ஏமாற்றினோம் என்று தெரிந்தால் அவர் இருக்கும்வரை தெருவுக்கு ஒரு பல்புகூட வராது. தினமும் வீட்டுக்குப் போய்வருகிற ஆள் ஒருவன் இருப்பது நல்லது, சமயம் பார்த்து லைன் கேட்கலாம். இவையெல்லாம் வெளியே சொன்ன காரணங்கள். ஒருநாள் உள்ளே இருந்ததும் வந்துவிட்டது.

"நம்ம தெருத் தண்ணி அவரு ஊட்டு சாமி ரூம்பு வரிக்கும் போவுதுடா. நீயோ நானோ போ முடியுமா?"

அது நம் தெருத் தண்ணீர் இல்லையே பெரியப்பா என்றேன். அவர் காதில் அது விழவில்லை.

பின்வாசலில் கேனை வாங்குவது தலைவரின் மனைவி. அதாவது, சட்டப்படி எங்கள் ஒன்றியத்தையே ஆள்கிறவர். முதல் நாள் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "எங்க அம்மா ஊட்டு கெணத்துத் தண்ணி மாதிரியே கீதே" என்றார். கான்ட்ராக்டர் அவருடைய கூடப்பிறந்த தம்பி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மொபெட் சக்கரத்தைப் பார்த்தேன். அவரும் சக்கரத்தைப் பார்த்தார். அதில் தோப்புச் செம்மண் ஒட்டியிருந்தது. சரி, வெச்சிட்டு போ என்றார். அதற்குப்பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தலைவருக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. நான் படித்தவன் என்று தெரிந்ததும் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொன்னார். தினமும் காலையில் வெள்ளி டம்ளரில் குடித்துக்கொண்டே சொல்வார், நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்பேன். சிறுவயதில் வாணியம்பாடித் தோல் மண்டியில் மூட்டை தூக்கியதாகச் சொன்னார். மண்டி அவருடைய மாமாவுடையது, இவர் கல்லாவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார் என்று டிரைவர் திருத்தினார். எந்தப் பதவியும் வேண்டாம், செத்தபின் ஒரு கிராமத்துக் குழாயடியில் என்னைப் புதைத்தால் போதும் என்று ஒருநாள் கண்கலங்கச் சொன்னார். அதைக் கேட்டால் குழாயடிக்கு வருகிற பெண்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எழுதவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. ஒருநாள் நான் இருமியதைக் கேட்டு மருந்து வாங்கிவரச் சொல்லி டிரைவரை அனுப்பினார். ஆனால் அவரிடம் யாரும் எதையும் உள்ளபடி சொன்னதில்லை. எல்லா ஊரும் அவர் வருகிற நாளில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு நின்றது. இந்த மாவட்டத்தில் சுண்ணாம்பு வாசனை இல்லாத கிராமத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

சில மாதத்தில் கல் விழுந்துவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையால் விழுந்திருக்கலாம், நிறையக் குடித்ததால் விழுந்திருக்கலாம். தலைவர் எங்கள் தெருத் தண்ணீரால் விழுந்தது என்று முடிவுகட்டினார். கல்லைக் கழுவி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் டப்பாவைத் திறந்து காட்டுவார். அவர்கள் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூடப் பார்த்தார்கள்.

அந்தக் கல்தான் எங்களுக்கு வினையாக வந்தது. லைன் யார் யாருக்கு முதலில் என்று பேசத் திருப்பத்தூரில் ஒரு கூட்டம் நடந்தது. தலைவர் என்னையும் காரில் கூட்டிப்போனார், மடியில் கேன். எங்கள் தெரு பெயர் வந்ததும் அவர் எழுந்தார். டேனரியால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள், நான் தினமும் காலனித் தண்ணீர்தான் குடிக்கிறேன் என்றார். சாதியும் பார்க்கவில்லை, டேனரியும் பார்க்கவில்லை என்றார். பிறகு டப்பாவைத் திறந்தார். கல் கைமாறிக் கைமாறி அதிகாரிகள் வரிசை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. இதோ அந்தத் தெருப் பையன் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் நான் எழுந்து கும்பிட வேண்டியிருந்தது. செயலாளர் இந்த முறையும் முதலில் கைதட்டினார். சொந்தமாக நல்ல நீர் உள்ள இடம் என்று எங்கள் தெரு விடுபட்டது.

தெருவில் யாரும் நான் சொன்னதை நம்பவில்லை. ஜேசிபி வந்ததும் நம்பினார்கள். பக்கத்துத் தெருவெல்லாம் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்துக்கொண்டே வந்தவர்கள், எங்கள் தெரு முனையில் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். உங்களுக்குத்தான் கல்லைக் கரைக்கிற தண்ணீர் இருக்கிறதாமே என்று ஆபரேட்டர் என்னிடமே கேட்டான். சாயங்காலம் வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்தார்கள், பிறகு பள்ளம் இல்லாத எங்கள் தெருவைப் பார்த்தார்கள். நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல் தைத்துவிட்டு வந்தவர்கள். பெரியப்பா இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று ஆரம்பித்தார். அம்மா அவரைப் பேசவே விடவில்லை. அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அந்தாளுக்கு அடிவாரத்துத் தண்ணி. உன்னப் பெத்தவளுக்கு டேனரித் தண்ணி. நாளைக்கி நம்ம கொழாயில புடிச்சிக் குடு. இல்லன்னா கேன நான் தூக்கிக்கினு போறேன்."

மறுநாள் வேன் வருவதற்குள் அவளே குழாயில் கேனைப் பிடித்து மொபெட்டில் ஏற்றிக் கட்டினாள். பெரியப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவே இல்லை.

தலைவர் வீட்டில் அன்று பார்த்துப் பொறியாளரும் டேனரி சங்கச் செயலாளரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வாசலில் தலைவரின் மனைவி கேனை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். அவர் டம்ளரில் ஊற்றித் தானே கூடத்துக்குக் கொண்டுபோனார்.

தலைவர் ஒரு வாய் குடித்தார். கன்னம் அப்படியே நின்றது. வாயில் இருந்ததை அவர் விழுங்குவாரா துப்புவாரா என்று நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை ஏறி இறங்கியது. செயலாளர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தியா கீது" என்றார் தலைவர். "இவங்களுக்கும் குடும்மா."

இரண்டு எவர்சில்வர் டம்ளர் வந்தது. பொறியாளர் குடித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். செயலாளருக்குக் கண்ணில் நீர் கட்டியது. எங்கள் தண்ணீரை அவர் வாழ்க்கையில் முதல்முறை ருசி பார்க்கிறார். மினரல் வாட்டர் எல்லாம் இதனிடம் தோற்றது என்றார். இன்னொரு டம்ளர் என்று தலைவர் சொன்னபோது, அவசர வேலை இருப்பதாக இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். பிளாஸ்டிக் டப்பா அன்று பையிலிருந்து வெளியே வரவில்லை.

அவர்கள் போனதும் தலைவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை.

"எத்தினி நாளா?"

எங்கள் குழாய்த் தண்ணீர் இன்றைக்குத்தான் முதல்முறை என்று சொன்னேன். திறப்பு விழாவிலிருந்தே அவர் குடித்தது வேறு தண்ணீர்.

"எந்தத் தண்ணி?"

"கான்ட்ராக்டர் அண்ணன் தோப்புக் கெணத்துத் தண்ணிங்க ஐயா."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். இறுகியிருந்த தோள் இறங்கியது. அத்தனை நாள் நெஞ்சில் எதையோ தாங்கிக்கொண்டிருந்து இப்போது இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார்.

"மச்சான் கெணறா" என்றார். "அதான பாத்தேன்."

எனக்கு முகம் சுட்டது. பேச எவ்வளவோ இருந்தது. லைன் வேண்டுமென்ற ஒன்றை மட்டும் சொன்னேன். அது அவர் கையில் இல்லை என்றார். சபையில் சொல்லியாகிவிட்டது. கல்லை வேறு காட்டியாகிவிட்டது. இப்போது அந்தத் தண்ணீர் கெட்டது என்று சொன்னால் அதிகாரிகள் சிரிப்பார்கள், டேனரிக்காரர்கள் பகைத்துக்கொள்வார்கள். கிராமத்துக்காகவே வாழ்ந்தவனை இப்படி ஏமாற்றிவிட்டீர்களே என்று என்னிடம் நியாயம் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அதுவும் நிஜம்தான், பாலத்துக்கு அழுதது மாதிரி.

அப்போது ஒன்றியக் குழுத் தலைவர் சமையலறை வாசலிலிருந்து பேசினார். பொதுவிஷயத்தில் அவர் பேசி அன்றுதான் முதலில் கேட்டேன்.

"தண்ணி நல்லாத்தான் கீது, ஜனத்துக்குப் பத்தல. அப்டி எழுதிக் குடு தம்பி. மூணுல ஒரு பங்கு நீங்க கட்டுங்க, மிச்சம் ஒன்றியம் போடும். கையெழுத்து நான் போடறேன்." உள்ளே திரும்பிக்கொண்டே சொன்னார்: "வேலைய எந்தம்பி செய்வான்."

தலைவருக்கு மூச்சு வந்தது. இதுதான் மக்கள் பங்களிப்பு, கிராம வளர்ச்சியின் உயிர்நாடி என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். நான் காலிக் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இலவசமாக வந்திருக்க வேண்டிய குழாய்க்கு வீடு வீடாகக் காசு பிரித்தோம். ஷூ கம்பெனிப் பெண்களின் போனஸ்தான் முக்கால்வாசி. அம்மா கவரைப் பிரிக்காமலே என் கையில் கொடுத்தாள்.

"அந்தாளு கல்லு கரைஞ்சதுக்கும் சேத்தா கட்டறோம்?" என்று கேட்டாள். பெரியப்பா தன் பங்கைப் பேசாமல் கட்டினார். மொபெட்டையும் விற்றுவிட்டார்.

முனையில் நின்ற பள்ளத்தை எங்கள் தெருவுக்குள் இழுக்க கான்ட்ராக்டருக்குச் சில நாட்களே பிடித்தன. திறப்பு விழா இல்லை. ஏற்கெனவே இனிப்பான தண்ணீர் உள்ள தெருவில் இன்னொரு தண்ணீரைத் திறந்து வைக்க முடியாது என்பது தலைவருக்கே தெரிந்திருந்தது; வெளியூர்ப் பயணம் போய்விட்டார். ஒரு சாயங்காலம் வேன் வந்து பெண்கள் இறங்கியபிறகு, கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் வால்வைத் திருகினான். அம்மா பிடித்துக் குடித்தாள். பிறகு குடத்தை வைத்தாள்.

கணக்கை நான்தான் பார்த்தேன். மக்கள் பங்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். தொட்டித் திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை, பேண்டு செட்டு எல்லாமாகப் பதினாலாயிரத்து ஐந்நூறு. தலைவருக்குத் தண்ணீர் கொண்டுபோன பெட்ரோல் பத்தாயிரத்து எண்ணூறு. இதோடு முடிந்தது என்று இருந்தபோது கான்ட்ராக்டர் ஆள் அனுப்பினார். முதல் நாள் தொட்டியை நிரப்பிய டேங்கருக்கு வாடகை மூவாயிரம் பாக்கியாம். அதையும் கட்டினோம். மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முந்நூறு ரூபாய்.